தண்ணீர் ஊற்றுவது பழுதுபார்ப்பது ஆகாது

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 12:1-16, எரேமியா 2:13



நம்முடைய பகுதியில் ஒரு வீட்டார் புதிய டிராக்டரோ வேனோ வாங்கினால், போதகரை அழைத்து ஜெபிக்கச் சொல்வது வழக்கம். அது நல்ல வழக்கம். கையின் பிரயாசத்தைக் கர்த்தருடைய சமுகத்தில் வைப்பது விசுவாசிக்கு அழகு. ஆனால் ஒரு காரியத்தைக் கவனித்திருக்கிறீர்களா? எஞ்சினை முழுவதும் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் ஓட்டத் தொடங்கும் நாளில், "ஐயா, வந்து ஒரு ஸ்தோத்திர ஜெபம் செய்யுங்கள்" என்று ஒருவரும் அழைப்பதில்லை. புதியதற்குப் பிரதிஷ்டை உண்டு; பழுது தீர்ந்ததற்கு ஒன்றும் இல்லை. நாம் எதைக் கனப்படுத்துகிறோம், எதைக் கனப்படுத்தத் தவறுகிறோம் என்பது இதில் தெரிகிறது. ஆகையால் இந்த வாரம், ஒருவரும் ஜெபிக்க அழைக்காத ஒரு சிறிய பொருளைக் குறித்துச் சிந்திப்போம். அது டீசல் எஞ்சினுக்குள் மறைந்திருக்கும் ரப்பர் வளையம்.

பனமலைச் சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்டும் காலம் வந்தால், பாரம் ஏற்றிய டிராக்டர்கள் முண்டியம்பாக்கம் ஆலையை நோக்கி வரிசையாகச் செல்வதைக் காண்கிறோம். அவற்றில் சில பழைய வண்டிகளின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கேன் நிறைய தண்ணீர் இருக்கும். காலையில் ரேடியேட்டரை நிரப்புவார்கள். வழியில் ஒருமுறை நிரப்புவார்கள். ஆலை வாசலில் காத்திருக்கும்போது மறுபடியும் நிரப்புவார்கள். காரணம் கேட்டால், "வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்குதுங்க, அவ்வளவுதான்" என்பார்கள். ஆனால் எஞ்சினுக்குத் தாகம் கிடையாது. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் நீர் சுற்றிச் சுற்றி வருமே தவிர, நாள்தோறும் குறையாது. குறைகிறது என்றால் அது எங்கோ போகிறது.

எங்கே போகிறது? பிஸ்டன் மேலும் கீழுமாய் ஓடுகிற உருளையை லைனர் என்கிறோம். பல டிராக்டர், லாரி எஞ்சின்களில் இந்த லைனரின் வெளிப்புறத்தை நீர் நேராகத் தொட்டுச் சூட்டை வாங்கிச் செல்கிறது. லைனரின் மேல்பக்கத்தை ஹெட் கேஸ்கெட் அடைக்கிறது. கீழ்ப்பக்கத்தில், சிறு பள்ளங்களில் பதிந்திருக்கும் ரப்பர் வளையங்கள் அடைக்கின்றன. ஓ-ரிங் என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது இவைகளைத்தான். வளையத்துக்கு மேலே நீர். கீழே எஞ்சின் ஆயில். இரண்டும் எஞ்சினுக்கு வேண்டியவை. ஆனால் ஒன்றோடொன்று கலக்கக் கூடாதவை. அவைகளைப் பிரித்து வைப்பது எந்த இரும்பும் அல்ல. விரல் பருமன்கூட இல்லாத அந்த ரப்பர்தான்.

ரப்பரின் பெலன் அதன் மென்மையில் இருக்கிறது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் மீண்டும் விரியும். இந்த மீளும் தன்மை இருக்கும்வரை இடைவெளியை நிரப்பிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கான சூட்டில் அது மெல்ல இறுகி, அமுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. பார்வைக்கு வளையம் முழுதாய் இருக்கும், அறுந்திருக்காது, ஆனால் மீளாது. அப்போது நீர் கீழே கசிந்து ஆயிலோடு கலக்கிறது.

இதில் ஏமாற்றும் அடையாளம் ஒன்று உண்டு. நீர் சம்ப்பில் சேரச் சேர, கேஜ் கம்பியில் ஆயிலின் அளவு கூடும். விவரம் அறியாதவர், "நம் வண்டி ஆயிலே குடிப்பதில்லை" என்று மகிழ்வார். பெருகுவதெல்லாம் ஆசீர்வாதம் அல்ல. சில நாட்களில் ஆயில் பாலூற்றிய தேநீரைப்போல வெளுத்துவிடும். நீர் கலந்த ஆயிலால் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே காப்புப் படலமாக நிற்க முடியாது. உலோகத்தோடு உலோகம் உராயும். ஒரு நாள், பெரும்பாலும் பாரம் நிறைந்திருக்கும் வேளையில், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வண்டிக்கு வாங்கிய கடனின் தவணை நிற்காது. வெட்டிய கரும்பு வயலில் காய்ந்து எடை குறையும். ஒரு வளையம் ஒரு குடும்பத்தைக் கடனுக்குள் தள்ளுவது இப்படித்தான்.

"அப்படியானால் வளையத்தை மாற்றிவிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். வளையத்தின் விலை அற்பம். ஆனால் அதை எட்டுவதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும், சம்ப்பை இறக்க வேண்டும், பிஸ்டன்களை வெளியே எடுக்க வேண்டும், லைனரைப் பிடுங்க வேண்டும். கூலி ஆகும், பல நாட்கள் ஆகும், அத்தனை நாட்களும் வண்டிக்கு வருமானம் இல்லை. தண்ணீரோ இலவசம். ஆகையால் மனிதன் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுகிறான். அவன் சோம்பேறி அல்ல, மூடனும் அல்ல. திறப்பதற்கு அஞ்சுகிறான். உள்ளே என்னென்ன வெளிப்படுமோ என்ற அச்சம் அது. அந்த அச்சம் நமக்கும் அந்நியமானது அல்ல.

பிரியமானவர்களே, நான் சொல்ல விரும்புவது இதுவே: நம் குடும்பங்களும் சபைகளும் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றியே ஓடுகின்றன. ஊற்றுவதை நாம் பொறுமை என்கிறோம், சமாதானம் என்கிறோம், சில வேளைகளில் விசுவாசம் என்றும் சொல்லுகிறோம். அது பழுதுபார்ப்பது ஆகாது.

வேதம் இதற்கு ஒரு சரித்திரத்தையே வைத்திருக்கிறது. யோவாஸ் ராஜா, ஆலயத்துக்கு வரும் காணிக்கையைக் கொண்டு அங்கே காணப்படும் பழுதுகளைச் சரிசெய்யும்படி ஆசாரியர்களுக்குக் கட்டளையிட்டான். ஆனாலும் அவனுடைய ஆளுகையின் 23ஆம் வருஷம்மட்டும் பழுதுகள் அப்படியே இருந்தன. ஆராதனை நின்றுபோனதாக அங்கே சொல்லப்படவில்லை. காணிக்கையும் வந்துகொண்டேதான் இருந்தது. பழுதுதான் தீரவில்லை. பின்பு ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தான். அதில் சேர்ந்த பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் போயிற்று. அந்தப் பணத்திலிருந்து வெள்ளிக் கிண்ணங்களோ பொன் பாத்திரங்களோ செய்யப்படவில்லை என்று வேதம் தனித்துக் குறிப்பிடுகிறது. 2 நாளாகமம் 24ஆம் அதிகாரத்தை வாசித்தால், வேலை முடிந்தபின் மீந்த பணத்திலேயே பாத்திரங்கள் செய்யப்பட்டன என்று அறிகிறோம். பழுது முதலில், பாத்திரம் பின்பு.

நம்முடைய ஒழுங்கு எப்படி இருக்கிறது? கோபுரம் எழுப்ப நன்கொடை வருகிறது. பெயர் பொறித்த கல் பதிக்கப்படுகிறது. கூரையின் கசிவுக்கு நன்கொடை கேட்டால் முகம் வாடுகிறது. கட்டடத்தை மட்டும் நான் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளாக ஒருவரோடொருவர் பேசாத இரண்டு குடும்பங்கள் ஒரே ஆராதனையில் வலதும் இடதுமாக அமர்ந்திருக்கின்றன. நாம் அசன விருந்து வைத்து அதன்மேல் தண்ணீர் ஊற்றுகிறோம். சபைக் கணக்கில் கேள்வி எழுகிறது. நற்செய்திக் கூட்டம் ஒழுங்குசெய்து அதன்மேல் தண்ணீர் ஊற்றுகிறோம். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றவர்களைக் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்துப் பிரிக்கும் சபைகள் நம் தமிழ்நாட்டில் உண்டு. அதன்மேல் எத்தனை ஐக்கிய விழாக்களை ஊற்றினாலும், கசிவு கீழே போய்க்கொண்டேதான் இருக்கும். வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை கூடலாம். கேஜ் கம்பியில் ஆயில் கூடுவதும் அப்படித்தான்.

"அன்பு திரளான பாவங்களை மூடாதோ?" என்று சிலர் கேட்பீர்கள். மூடும். பேதுரு அப்போஸ்தலன் சொன்னது மன்னிக்கிற அன்பைக் குறித்து. ஒருவன் அறிக்கையிட்ட பாவத்தை மறுபடியும் கிளறாதபடி அன்பு மூடுகிறது. கசிவு எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்துவிடாதபடி மூடுவது வேறு. எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்தில், உறுதியற்ற சுவருக்கு மேல்பூச்சு பூசுகிறவர்களைக் கர்த்தர் கடிந்துகொள்ளுகிறார். மழை பெய்யும்போது பூச்சும் விழும், சுவரும் விழும், பூசினவனும் அகப்படுவான் என்பதே அங்கே எச்சரிப்பு.

எஞ்சினைச் செய்தவர்கள் இவ்விஷயத்தில் நமக்கு ஒரு ஞானத்தைக் கற்றுத்தருகிறார்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் வைத்திருப்பார்கள். உள்ளேயிருக்கும் சீல் கெட்டால், கசியும் நீர் பேரிங்குக்குள் புகாமல் அந்தத் துவாரத்தின் வழியே வெளியே சொட்டும். சொட்டு விழுந்தால் சீல் கெட்டது என்று அர்த்தம். அது குறை அல்ல. கூப்பிட்டுச் சொல்லும்படி வைக்கப்பட்ட வாய். சொட்டுவது பிடிக்கவில்லை என்று அதை எம்-சீல் வைத்து அடைப்பவன் பம்பையே இழப்பான். சபைக் கூட்டத்தில் எழுந்து சங்கடமான கேள்வி கேட்கும் வாலிபன், "நம் வீட்டில் ஏதோ சரியில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லும் மனைவி, திடீரென்று ஆலயத்துக்கு வர மறுக்கும் பிள்ளை ஆகியோர் பெரும்பாலும் அந்தத் துவாரத்தைப் போன்றவர்கள். அவர்களை முறுமுறுக்கிறவர்கள் என்று அடக்குவது எளிது. அடக்கினபின் கசிவு உள்ளே திரும்பும்.

ரப்பர் வளையத்தைக் குறித்த எச்சரிப்பை அடக்கினதன் விளைவை உலகம் முழுவதும் ஒரு நாள் கண்டது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம், புறப்பட்ட 73ஆம் விநாடியில் சிதறியது. அதில் இருந்த 7 பேரும் மாண்டார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் இறுகி, உரிய நேரத்தில் விரியாமற்போனதே காரணம் என்று விசாரணையில் தெளிவாயிற்று. அந்த ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளரான ரோஜர் போஜொலி, அதற்கு முந்தின ஆண்டிலேயே தம் மேலதிகாரிகளுக்கு எழுத்தில் எச்சரித்திருந்தார். புறப்படுவதற்கு முந்தின இரவிலும் அவரும் உடன் பொறியாளர்களும் வேண்டாமென்று வாதாடினார்கள். மேலிடம் கேட்கவில்லை. முந்தின பயணங்களிலும் வளையங்கள் சேதமடைந்திருந்தன. ஆனாலும் விண்கலம் பத்திரமாய்த் திரும்பியிருந்தது. ஆகவே அந்தச் சேதமே பழகிப்போயிற்று. விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெய்ன்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டை இடுக்கியில் அழுத்திப் பனிக்கட்டி நீரில் இட்டு, வெளியே எடுத்தபின் அது பழைய வடிவத்துக்கு மீளவில்லை என்று எல்லாரும் காணக் காட்டினார்.

"நேற்றும் போய்ச் சேர்ந்தோமே" என்பதுதான் தண்ணீர் கேன் வைத்திருப்பவரின் வாதம். அதே வாதத்தை அங்கே கற்றறிந்தவர்கள் சொன்னார்கள். நேற்று போய்ச் சேர்ந்தது கர்த்தருடைய பொறுமை. அதைப் பழுதின்மைக்குச் சாட்சியாகக் கொள்ளக்கூடாது. அவருடைய தயவு நம்மை மனந்திரும்புதலுக்கு நடத்துகிறது என்று ரோமர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் நினைப்பூட்டுவதும் இதையே.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரப்பர் சூட்டிலும் இறுகுகிறது, குளிரிலும் இறுகுகிறது. மனிதனும் அப்படியே. அன்பு தணிந்து குளிர்ந்து இறுகுகிறவர்கள் உண்டு. ஓய்வில்லாமல் உழைத்து, எல்லாருடைய சூட்டையும் தாங்கித் தாங்கி இறுகிப்போனவர்களும் உண்டு. வருஷக்கணக்காய்ப் படுக்கையிலுள்ள மாமியாரைப் பராமரிக்கும் மருமகள், குடும்பத்தின் கடனைத் தனியே சுமக்கும் மூத்த மகன், ஒருநாளும் விடுப்பு எடுக்காத ஊழியர் ஆகியோர் பொல்லாதவர்கள் ஆனதால் கடினப்படவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று தங்கள் வேலையைச் செய்ததாலேயே கடினப்பட்டார்கள். அவர்களைக் குற்றப்படுத்தாதிருங்கள். அவர்களுக்கு வேண்டியது புதுப்பிக்கப்படுதல். கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டு மாம்சமான இருதயத்தைத் தருவேன் என்பதாக எசேக்கியேல் 36ஆம் அதிகாரத்தில் கர்த்தர் வாக்குப்பண்ணுகிறார். இறுகினதை எண்ணெய் பூசி இளக்குவதை அவர் அங்கே சொல்லவில்லை, மாற்றித்தருவதையே சொல்லுகிறார்.

மாற்றுகிற விதத்திலும் ஒழுங்கு உண்டு. தேர்ந்த மெக்கானிக் லைனரை எடுத்தவுடன் புது வளையத்தைப் போடமாட்டார். நம் பகுதியில் பலர் ரேடியேட்டரில் ஊற்றுவது போர் தண்ணீர். அதன் உப்பும் துருவும் வளையம் உட்காரும் இடத்தில் படிந்து, சில இடங்களில் இரும்பையே அரித்திருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் போட்ட புது வளையம் ஒரு மாதமும் நில்லாது. அடுத்ததாக, வளையத்தின் வகையைப் பார்ப்பார். நீரையும் சூட்டையும் நன்றாய்த் தாங்கும் ஒருவகை ரப்பர், எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அதற்குக் கிரீஸ் தடவுவது கெடுதி, சோப்பு நீரே போதும். லைனரை முறுக்காமல், வளையம் புரளாமல், நேராக இறக்குவார். கடைசியாக, சம்ப்பை மூடுமுன் நீரை நிரப்பிவிட்டுக் காத்திருந்து, கீழே ஒரு சொட்டும் இறங்கவில்லை என்று கண்டபின்பே மூடுவார்.

ஒப்புரவாகுதலும் இப்படியே. இரு குடும்பங்களைக் கைகுலுக்கச் செய்து புகைப்படம் எடுத்துவிட்டால் ஒப்புரவு ஆகிவிடாது. பழைய துருவைச் சுரண்ட வேண்டும்: எந்த வார்த்தை, எந்த நிலம், எந்தப் பணம் என்று பேர் சொல்லிப் பேச வேண்டும். யாருக்கு எது தேவை என்று அறிய வேண்டும். ஒருவருக்கு ஆறுதலாகிற வார்த்தை மற்றவரைக் காயப்படுத்தக்கூடும். அவசரப்படுத்தக் கூடாது. சில மாதங்கள் கழித்து, கசிவு நின்றதா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவுக்குப் பயந்தே நாம் தண்ணீரைத் தேடுகிறோம்.

ஆகையால் சில ஆலோசனைகளைத் தாழ்மையுடன் முன்வைக்கிறேன். முதலாவது, வண்டி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு: தண்ணீர் குறைகிறது, ஆனால் வெளியே சொட்டு காணவில்லை என்றால் காத்திராதிருங்கள். வண்டி இரவெல்லாம் நின்ற காலையில், எஞ்சினை இயக்குமுன் ஆயில் வடிக்கும் திருகை மெதுவாய்த் தளர்த்திப் பாருங்கள். நீர் ஆயிலைவிடக் கனமானதால், கலந்திருந்தால் பெரும்பாலும் அதுவே முதலில் வரும். நீர் வந்தால் எஞ்சினை இயக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள். கசிவு ஹெட் கேஸ்கெட்டிலிருந்தும் வரலாம்; அதைப் பிரித்துப் பார்க்கிறவரே சொல்ல முடியும். இப்போதைக்கு எல்லாம் சரியாக இருந்தாலும், ஆலை ஓடாத மாதங்களிலேயே எஞ்சினைச் சோதித்துவிடுங்கள். ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட்டுகளில், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் ஆயிலைக் காலமுறைப்படி மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். நின்றபின் காரணம் தேடுவதைவிட அது ஞானம்.

இரண்டாவது, சபைகளுக்கு: புதிய கட்டுமானத்துக்கு ஒரு பெட்டி இருந்தால், பழுதுக்கும் ஒரு பெட்டி இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பண்டிகைகள் இல்லாத ஒரு வாரத்தில், குறைகளை மட்டும் கேட்கும் ஒரு கூட்டம் நடக்கட்டும். அதில் போதகர் பேசாமல் கேட்கட்டும். குறை சொன்னவர் அடுத்த ஆண்டும் சபையில் மதிப்போடு இருக்கிறாரா என்பதே அந்தக் கூட்டம் உண்மையானதா என்பதற்கு அளவுகோல்.

மூன்றாவது, ஒவ்வொருவருக்கும்: இந்த வாரம் நீங்கள் எதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். எந்த உறவு, எந்தப் பழக்கம், எந்தக் கணக்கு? ஏரிக்கரையில் வாழும் நமக்கு, கரையின் முதல் கசிவு எலிவளை அளவே இருக்கும் என்று யாரும் போதிக்க வேண்டியதில்லை. வழக்கின் தொடக்கமும் நீர் கசிவதைப் போன்றதே. பெருக்கெடுக்குமுன் நிறுத்த வேண்டும் என்று நீதிமொழிகள் 17ஆம் அதிகாரத்தில் ஞானியும் புத்தி சொல்லுகிறான். எரேமியாவின் நாட்களில் ஜனங்கள் ஊற்றாகிய தேவனை விட்டுவிட்டு, நீர் நில்லாத வெடிப்புள்ள தொட்டிகளைத் தங்களுக்கு வெட்டிக்கொண்டார்கள். வெடிப்பை அடைக்காமல் நீர் ஊற்றிக்கொண்டிருப்பவன் வாழ்நாளெல்லாம் களைப்பான், தொட்டியோ நிறையாது.

திறக்க அஞ்சாதிருங்கள். உள்ளே இருப்பதை ஏற்கெனவே அறிந்தவர் கையில்தான் நாம் திறந்து கொடுக்கிறோம்.

ஜெபம்: எங்கள் இருதயங்களை ஆராய்ந்து அறிகிற கர்த்தாவே, நாங்கள் மூடி வைத்த கசிவுகளை நீர் காண்கிறீர். திறப்பதற்குத் தைரியத்தையும், சுத்திகரிப்பதற்குப் பொறுமையையும், குறையை எடுத்துச் சொல்லுகிறவர்களைக் கனப்படுத்தும் தாழ்மையையும் எங்களுக்குத் தாரும். உழைத்து உழைத்து இறுகிப்போன உம்முடைய பிள்ளைகளுக்குப் புதிய இருதயத்தைத் தாரும். கரங்களில் கரியும் ஆயிலும் படிய மற்றவர்களுடைய பழுதை நீக்குகிற எங்கள் மெக்கானிக் சகோதரர்களை ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.